பெட்டி வந்தது, கம்பி எங்கே?

மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுத் துறைமுகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குக் கடல் இல்லை. படகுகள் விலாவோடு விலா ஒட்டி நெருக்கியடித்து நிற்கும். சில கரையேறிக் கிடக்கும். இஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள், வலையைச் செப்பனிடுபவர்கள், பலகை மாற்றுகிறவர்கள், பெயிண்ட் அடிக்கிறவர்கள் என்று மீன் வராத நாளிலும் அங்கே உழைப்பு ஓய்வதில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில் ஒரு விசைப்படகின் கேபினுக்குள் ஏறிப் பார்த்தோம்.

சுக்கானுக்கு மேலே பலகையில் வரிசையாகப் பெட்டிகள். படகு நிற்கும் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். ஒன்று. அடியில் எத்தனை பாகம் தண்ணீர், எங்கே மீன் கூட்டம் என்று காட்டும் எக்கோ சவுண்டர் ஒன்று. பேசுவதற்கு வி.எச்.எப். ரேடியோ ஒன்று. கப்பல்களுக்கு நம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். ஒன்று. கூரை மேலே, சர்க்கார் கொடுத்த டிரான்ஸ்பாண்டர் ஒன்று.

முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகும் டிரைவர் அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார். "பாருங்க தம்பி, அஞ்சு பொட்டி இருக்குது. ஒண்ணுக்கொண்ணு பேச்சு வார்த்தை கெடையாது. சண்டை போட்ட பங்காளிங்க மாதிரி ஆளுக்கொரு மூலையில குந்திக்கினு இருக்குது" என்றார்.

ரேடியோவின் முகத்தில் ஒரு சின்ன மூடி. அதற்குள் சிவப்புப் பொத்தான். ஆபத்து வந்தால் மூடியைத் திறந்து அதை அழுத்த வேண்டுமென்று விற்றவர் சொல்லியிருக்கிறார். "அழுத்தினா, போட்டு எங்கே நிக்குதுன்னு அதுக்குத் தெரியுமா அண்ணே?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. பெட்டியின் பின்னால் கையை விட்டு இழுத்துக் காட்டினார். இரண்டு மெல்லிய கம்பிகள், நுனியில் கறுப்பு டேப் சுற்றி, எதிலும் சேராமல் தொங்கின.

அந்த இரண்டு கம்பிகளைப் பற்றித்தான் நாம் இங்கே பேசப் போகிறோம். சின்ன விஷயம்தானே என்று நினைக்க வேண்டாம். மனித உயிர் பல சமயங்களில் இப்படிப்பட்ட சின்ன விஷயத்தில்தான் தொங்குகிறது.

குருட்டுக் கூக்குரல்

அந்தச் சிவப்புப் பொத்தானின் வேலை என்ன? அழுத்தியதும் ரேடியோ தானாகவே 70-ம் அலைவரிசையில் ஒரு செய்தியை அனுப்பும். இன்ன எண்ணுள்ள படகு, இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் ஆபத்தில் இருக்கிறது என்பது செய்தி. அக்கம்பக்கத்துக் கப்பல்களிலும் கரையிலுள்ள நிலையத்திலும் மணி அடிக்கும். படகு கவிழப் போகிற நேரத்தில், இஞ்சின் அறையில் தீப்பற்றிய நேரத்தில், வாய் குழறாமல் அட்ச ரேகையையும் தீர்க்க ரேகையையும் படித்துச் சொல்ல எவராலும் முடியாது. பொத்தான் அதைச் சொல்லிவிடும்.

ஆனால் இரண்டு காரியம் முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். படகுக்குரிய ஒன்பது இலக்க எண்ணை ரேடியோவில் பதிந்திருக்க வேண்டும். இந்தியப் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் அது 419 என்று தொடங்கும். அடுத்து, ரேடியோவுக்குள்ளேயே ஜி.பி.எஸ். இல்லையென்றால், வெளியிலுள்ள ஜி.பி.எஸ். பெட்டியிலிருந்து கம்பி வந்து ரேடியோவில் சேர வேண்டும். எண் பதியாவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. கம்பி சேராவிட்டால் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தெரியும்; எங்கே என்று தெரியாது. வங்காள விரிகுடாவில் "எங்கே" என்று தெரியாத அபயக் குரல் எந்த உயிரைக் காப்பாற்றும்?

இது காசிமேட்டு ஜனங்களின் அறியாமை என்று யாரும் சொல்லிவிட முடியாது. உலகத்திலேயே பணமும் இயந்திரமும் மிகுந்த நாடு அமெரிக்கா. அந்த நாட்டுக் கடலோரக் காவல் படை 2010-ம் வருஷம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தங்களுக்கு இந்த முறையில் வந்து சேரும் அபயச் செய்திகளில் சுமார் 90 சதவிகிதத்தில் இருப்பிடம் இல்லை, சுமார் 60 சதவிகிதத்தில் பதிவு செய்த எண் இல்லை என்று அந்தப் படையே ஒப்புக்கொண்டது. ரேடியோவை விலை கொடுத்து வாங்கினார்கள், கம்பியைச் சேர்க்கவில்லை. பெட்டியை விற்பதற்குக் கடை இருக்கிறது. கம்பியைச் சேர்ப்பது எவருடைய பொறுப்பும் இல்லை. லாபம் பெட்டியோடு முடிந்து போகிறது.

பெட்டிகள் வந்த கதை

நம் படகுகளுக்கு இந்தப் பெட்டிகள் எப்படி வந்தன? சாவுகளுக்குப் பின்னால் வந்தன.

2008-ம் வருஷம் நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் "குபேர்" என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில் வந்தார்கள். அதற்குப் பிறகு சர்க்காரின் கண் மீன்பிடிப் படகுகள் மேல் விழுந்தது. அடையாள அட்டை வந்தது. 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு ஏ.ஐ.எஸ். வேண்டுமென்ற உத்தரவு வந்தது. அப்போது அதிகாரிகளின் கவலை கரையைக் காப்பதைப் பற்றியது. மீன்பிடித் தொழிலாளியின் உயிர் அதற்கு அடுத்த வரிசையில்தான் இருந்தது.

2017-ம் வருஷம் நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போயிருந்த நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. எச்சரிக்கை வருவதற்கு முன்பே அவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். வி.எச்.எப். ரேடியோ இருபது, முப்பது மைலுக்கு மேல் எட்டாது. கைத்தொலைபேசி அதிலும் பாதி தூரம் எட்டாது. செய்தி கரையில் இருந்தது, மனிதன் கடலில் இருந்தான், நடுவில் ஒன்றுமில்லை.

ஒக்கிக்குப் பிறகுதான் காரியங்கள் வேகமெடுத்தன. 2019-ம் வருஷம் அக்டோபரில், ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து "ஜெமினி" என்ற கருவியை வெளியிட்டன. செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை படகுக்கு வரும்; படகிலிருந்து பதில் போகாது. பிறகு இஸ்ரோவின் இருவழி டிரான்ஸ்பாண்டர் வந்தது. 2023-ம் வருஷம் ஆகஸ்டில் மத்திய சர்க்கார், ஒரு லட்சம் படகுகளுக்கு இதைப் பொருத்த 364 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தது. 2024-ம் வருஷம் ஆகஸ்டு 30-ந் தேதி மகாராஷ்டிரத்தில் பால்கரில் பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார்.

நல்லதை நல்லதென்று சொல்ல வேண்டும். சொந்த நாட்டுச் செயற்கைக்கோளின் உதவியால், கரையிலிருந்து நூறு மைலுக்கு அப்பால் நிற்கும் தொழிலாளி ஒரு பொத்தானை அழுத்திச் செய்தி அனுப்ப முடிகிறது என்றால் அது பெரிய காரியம். அந்தக் கருவியை உருவாக்கிய விஞ்ஞானிகளையும் தொழிலாளர்களையும் நாம் பாராட்டுகிறோம்.

ஆனால் கரை அனுப்பும் செய்தி படகில் யாருக்குப் போய்ச் சேருகிறது? டிரான்ஸ்பாண்டருக்குத் திரை கிடையாது. அது புளூடூத் வழியாக ஒரு கைத்தொலைபேசியோடு இணையும். செய்தி அந்தத் தொலைபேசியில் தமிழில் வரும். அந்தத் தொலைபேசி யாருடையது? டிரைவருடையது. அவர் இரவெல்லாம் சுக்கான் பிடித்துவிட்டு உறங்கும்போது? அதில் மின்சாரம் தீர்ந்துவிட்டால்? மழையில் நனைந்துவிட்டால்? இஞ்சின் இரைச்சலில் அதன் சின்ன மணி யார் காதில் விழும்? விண்வெளியிலிருந்து 36,000 கிலோமீட்டர் கடந்து வந்த செய்தி, கடைசி இரண்டு கெஜத்தில் நின்றுவிடுகிறது. அந்த இரண்டு கெஜத்துக்குக் கம்பியும், தளத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு ஊதுகுழலும் வேண்டும்.

அவர்கள் பார்க்கிறார்கள், நாம் பார்க்க முடியவில்லை

ஏ.ஐ.எஸ். கதை இதைவிட விசித்திரம். கப்பலும் கப்பலும் மோதாமல் தவிர்ப்பதற்காக ஏற்பட்ட கருவி அது. சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் 2004-ம் வருஷ முடிவுக்குள் அது கட்டாயமாக்கப்பட்டது. ஒவ்வொரு கப்பலும் தன் பெயர், இருப்பிடம், வேகம், திசை எல்லாவற்றையும் வானலையில் சொல்லிக்கொண்டேயிருக்கும். மற்றக் கப்பல்களின் திரையில் அது தெரியும். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுதான் இதன் உயிர்நாடி.

மீன்பிடிப் படகில் ஏ.ஐ.எஸ். பெட்டியை எந்தத் திரையோடும் இணைக்காமல் பொருத்திவிட்டால் என்ன ஆகும்? நம் படகைக் கப்பல் பார்க்கும், துறைமுகம் பார்க்கும், காவல் படை பார்க்கும். நம்மை நோக்கி வரும் கப்பலை நாம் பார்க்க முடியாது. அந்தப் பெட்டிக்குள் கப்பலின் செய்தி வந்து விழுகிறது. வெளியே வர வழியில்லை. பக்கத்திலேயே ஜி.பி.எஸ். திரை ஒளிவிட்டுக் கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி.

இந்த ஒரு முழத்தின் விலை என்ன என்று கடலுக்குத் தெரியும். 2018-ம் வருஷம் ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்திலிருந்து போன "ஓஷியானிக்" படகு கப்பல் மோதி உடைந்தது. இறந்தவர்களில் பலர் கன்னியாகுமரிக்காரர்கள். 2021-ம் வருஷம் ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால், 14 பேர் இருந்த "ரபா" என்ற படகும் சிங்கப்பூர்க் கொடி பறந்த "ஏ.பி.எல். லெ ஹாவ்ரே" என்ற சரக்குக் கப்பலும் மோதின. இருவர்தான் பிழைத்தார்கள். அந்தப் படகிலும் தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் இருந்தார்கள். இந்த மோதல்கள் கம்பி இல்லாததால்தான் நேர்ந்தன என்று நாம் சொல்லவில்லை. இரவில் எதிரே வருவதைப் பார்க்கும் உரிமை சின்னப் படகுக்கும் இருக்க வேண்டுமென்று சொல்கிறோம். காசிமேட்டிலிருந்து வடக்கே போகும் படகு சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் மூன்றின் கப்பல் பாதைகளையும் தாண்டிப் போகிறது.

கருவி மட்டும் இருந்தால் போதுமா? போதாது. அதற்கும் நம் வாசலிலேயே சாட்சி இருக்கிறது. 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே "பி.டபிள்யூ. மேப்பிள்", "டான் காஞ்சிபுரம்" என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ராடார், ஏ.ஐ.எஸ்., ரேடியோ எல்லாம் உள்ள கப்பல்கள். ஒன்றையொன்று அவை பார்க்காமலா இருந்தன? எண்ணெய் கொட்டியது. திருவொற்றியூர், காசிமேடு, மெரினா என்று கரையெல்லாம் கறுத்தது. வாளியால் அள்ளினார்கள். மீனை வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. நஷ்டம் யாருக்கு என்று காசிமேட்டுக்காரர்களைக் கேட்டால் தெரியும். கருவிக்குப் பின்னால் விழித்திருக்கும் மனிதன் வேண்டும். விழித்திருக்க அவனுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வுக்குப் போதிய ஆள் வேண்டும். கூலியை மிச்சப்படுத்த ஆளைக் குறைத்துவிட்டு, பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று எந்த முதலாளி சொன்னாலும் அவரை நம்பக்கூடாது.

பெட்டிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன?

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. தொழிலாளிகள் யாவரும் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான்.

1983-ம் வருஷம் அமெரிக்காவிலுள்ள கடல் மின்னணுக் கருவி வியாபாரிகள் சங்கம் ஒரு பொது மொழியை வகுத்தது. அதை என்.எம்.இ.ஏ. 0183 என்பார்கள். ஜி.பி.எஸ். பெட்டி வினாடிக்கொரு முறை மணி, இருப்பிடம், வேகம், திசை ஆகியவற்றைச் சில வரிகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு வரிக்கு 82 எழுத்துக்கு மேல் கிடையாது. இரண்டு கம்பி போதும். ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்கலாம். காசிமேட்டுக் கேபினில் டேப் சுற்றிக் கிடந்தவை இந்தக் கம்பிகள்தான். பேசும் பெட்டியின் கம்பியைக் கேட்கும் பெட்டியின் கம்பியோடு சரியாகச் சேர்த்து, இரண்டிலும் ஒரே வேகத்தை வைத்துவிட்டால், பொத்தானுக்குக் கண் வந்துவிடும்.

2001-ம் வருஷம் அதே சங்கம் என்.எம்.இ.ஏ. 2000 என்ற புதிய முறையைக் கொண்டு வந்தது. மோட்டார் கார்களுக்காக ஜெர்மனியில் பாஷ் கம்பெனி 1986-ல் வெளியிட்ட முறை அதன் அடிப்படை. படகின் முதுகெலும்பு போல ஒரே ஒரு கேபிள் ஓடும். ஒவ்வொரு கருவியும் கிளைக் கம்பியால் அதில் சேரும். எல்லோரும் பேசலாம், எல்லோரும் கேட்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாய் திறந்தால், அவசரமான செய்தி முன்னே போகும், மற்றது காத்திருக்கும். ஒழுங்காக நடக்கும் சங்கக் கூட்டம் போலத்தான். கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் தடை ஒன்று மாட்ட வேண்டும். அதை மறந்தால் எதிரொலி கிளம்பிக் கூட்டம் குழம்பிவிடும்.

கடலில் இதற்கு எதிரி உப்பு. சாதாரணச் செம்புக் கம்பி சில மாதத்தில் பச்சை பூத்துப்போகும். வெள்ளீயம் பூசிய கம்பி வேண்டும். முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு மழைக்காலத்தைத் தாங்காது. இஞ்சினைக் கிளப்பும்போது பாட்டரியின் அழுத்தம் சரிந்து பெட்டிகள் அணைந்து அணைந்து எரியும். கருவிகளுக்குத் தனிப் பாட்டரியும் பியூசும் நல்லது. கைத்தொழில் தெரிந்த எந்த எலக்ட்ரீஷியனும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

பொது மொழிக்குப் பூட்டு

அப்படியானால் ஏன் நடக்கவில்லை? இங்கேதான் வியாபாரத்தின் விளையாட்டைப் பார்க்க வேண்டும்.

பொது மொழி என்று பெயர். ஆனால் அதன் இலக்கணப் புத்தகம் விலைக்குத்தான் கிடைக்கும். பெரிய கம்பெனிகள் தங்களுக்கென்று தனி மொழியும் தனிச் சொருகியும் வைத்துக்கொண்டன. ரேமரின் கம்பெனிக்கு "சீடாக்" என்று ஒன்று. சிம்ராடுக்கு "சிம்நெட்" என்று ஒன்று. உள்ளே ஓடுவது பொது மொழிதான், சொருகி மட்டும் வேறு. புரூனோவுக்கு "நேவ்நெட்". ஒரு கம்பெனியின் திரையை வாங்கியவர், அடுத்த கருவிக்கும் அதே கம்பெனியிடமே போகும்படி நிர்ப்பந்தம். வலைக்குள் விழுந்த மீனுக்கு எந்தக் கண்ணி வழியாகவும் வழியில்லை என்பது போல.

இதற்கு எதிராக உலகத்தில் வேறொரு காரியமும் நடந்திருக்கிறது. பல நாட்டு மாலுமிகளும் எஞ்சினியர்களும் கூலி வாங்காமல் வேலை செய்து, கம்பெனிகள் மூடிவைத்த செய்திகளின் பொருளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துப் பகிரங்கப்படுத்தினார்கள். "சிக்னல் கே" என்ற திறந்த முறையை உருவாக்கினார்கள். "ஓப்பன் சி.பி.என்." என்ற கடல் வரைபட மென்பொருளை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளங்கை அளவு சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் அது ஓடும், ஜி.பி.எஸ்., ஆழம், கப்பல்களின் நடமாட்டம் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும். கூட்டு உழைப்பில் பிறந்த அறிவு கூட்டுச் சொத்தாக இருக்கிறது. நம் சர்க்காரும் பல்கலைக்கழகங்களும் அதை எடுத்துத் தமிழில் ஆக்கி, நம் படகுக்கு ஏற்றபடி திருத்திக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்?

சொல்லக்கூடிய ஆட்சேபங்கள்

"அந்தக் காலத்தில் இதெல்லாமா இருந்தது? நட்சத்திரத்தையும் காற்றையும் பார்த்துப் போய் வரவில்லையா?" என்பார்கள். உண்மை. 1894 முதல் 1977 வரை ஐக்கோர்ட்டுக் கட்டிடத்தின் உச்சியிலேயே கலங்கரை விளக்கு எரிந்தது. அதையும் பறங்கிமலையையும் கண்ணால் அளந்து கரை திரும்பிய பரம்பரை காசிமேட்டுப் பரம்பரை. அந்த அறிவு மகத்தானது. ஆனால் அந்தப் படகுகள் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் தொழில் செய்தவை. கரைக்கடலில் மீன் குறைந்த பிறகு, நாட்கணக்கில் நடுக்கடலில் நிற்கும்படி தள்ளப்பட்டவர்களிடம் பழம்பெருமை பேசுவது நியாயமா?

"படிக்காத ஜனங்களுக்கு இது புரியாது" என்பார்கள் சிலர். எக்கோ சவுண்டர் திரையில் விழும் நிறத்தைப் பார்த்து இது என்ன மீன் என்று சொல்கிறவர்களைப் பற்றியா இந்தப் பேச்சு? 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, புதுச்சேரிக்கு அருகே நல்லவாட்டில் என்ன நடந்தது? சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். கிராமத்து அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தார்கள். ஊரே ஓடித் தப்பியது. புரியாதவர்களா அவர்கள்? செய்தி ஒருவர் காதோடு நிற்காமல் ஒலிபெருக்கிக்கு வந்ததால்தான் உயிர்கள் தப்பின. அந்தப் பாடம் படகுக்கும் பொருந்தும்.

மூன்றாவது ஆட்சேபம் நம் தொழிலாளிகளிடமிருந்தே வருகிறது. அதை அலட்சியப்படுத்தக்கூடாது. "எல்லாப் பொட்டியையும் சேத்துட்டா, நாங்க எங்க போறோம், எங்க வலை போடுறோம்னு மொத்தமும் தெரிஞ்சு போயிடும். அபராதம் போடத்தான் உதவும்" என்கிறார்கள். மீன் கிடைக்கும் இடம் ஒரு டிரைவரின் ஆயுட்கால அறிவு. அது வியாபாரியின் கைக்குப் போனால் அவர் கையில் என்ன மிஞ்சும்? இந்தப் பயம் நியாயமானது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கண்காணிப்பதற்கு டிரான்ஸ்பாண்டர் ஒன்றே போதும். அது ஏற்கனவே கூரைமேல் இருக்கிறது. கேபினுக்குள் கம்பி இழுக்காததால் மேலேயிருந்து பார்ப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டமெல்லாம் உள்ளே இருப்பவருக்குத்தான். கம்பியைச் சேர்த்து, பதிவு படகிலும் இருக்கும்படி செய்தால், கப்பல் மோதிவிட்டு ஓடும்போது சாட்சி நம் கையில் இருக்கும். எல்லை தாண்டினாய் என்று யாராவது பிடித்துக்கொண்டு போனால், தாண்டவில்லை என்று காட்ட ஆதாரம் இருக்கும்.

முதலாளிக்கும் கூலிக்கும் நடுவே

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. படகில் போகிறவர்கள் எல்லோரும் படகுக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்த பிறகுதான் பங்கு பிரிகிறது. கருவியின் ரிப்பேரும் அந்தச் செலவில் எழுதப்பட்டால், அதில் வலை இழுக்கிற தொழிலாளியின் பணமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவியைத் தொட அவருக்கு உரிமை உண்டா? டிரைவருக்கு மயக்கம் வந்தால், சிவப்புப் பொத்தான் எங்கே என்று மற்றவர்களுக்குத் தெரியுமா? ஆந்திரத்திலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

சரித்திரம் ஒரு பாடம் சொல்கிறது. 1953-ம் வருஷம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. ஏழை மீனவர்களை உயர்த்துவதற்கென்றே இயந்திரப் படகு கொண்டுவந்தார்கள். எறால் ஏற்றுமதியில் பணம் கொட்டத் தொடங்கியதும், படகுகள் மெல்ல மெல்லப் பணமுள்ளவர்கள் கைக்குப் போயின. இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. அதை யாருக்காக, யார் பொறுப்பில் நிறுத்தினோம் என்பதில்தான் குற்றம் இருந்தது. அதே தவறை இப்போதும் செய்யக்கூடாது.

பைபர் படகில் போகும் சிறு மீனவரையும் மறக்க வேண்டாம். அவருக்குக் கேபின் இல்லை, பெரிய பாட்டரி இல்லை. தண்ணீர் புகாத ஒரே பெட்டியில் ஜி.பி.எஸ்.ஸும் ரேடியோவும் சேர்ந்து, சொருகி வேலையே இல்லாமல் வந்தால்தான் அவருக்குப் பயன்படும்.

நாம் கேட்பது என்ன?

நாம் நிலாவைக் கேட்கவில்லை. நடக்கக்கூடிய ஆறு காரியங்களைக் கேட்கிறோம்.

1. சர்க்கார் வாங்கும் கருவியாகட்டும், மானியம் கொடுக்கும் கருவியாகட்டும், பொது மொழியில் செய்தி கொடுக்கவும் வாங்கவும் வழியுள்ளதாக இருக்க வேண்டும். தனிச் சொருகி வைத்துப் பூட்டும் கருவிக்கு டெண்டரில் இடம் கூடாது. விளக்கப் புத்தகம் தமிழில் வேண்டும்.

2. தடைக்காலத்தில் மீன்வள இலாகா விசைப்படகுகளை ஆய்வு செய்கிறது. பதிவுச் சீட்டைப் பார்ப்பதோடு, பொத்தானுக்கு ஜி.பி.எஸ். கம்பி சேர்ந்திருக்கிறதா, எண் பதிந்திருக்கிறதா, பாட்டரி நல்லதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாத படகுக்கு அபராதம் போடாமல், அங்கேயே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

3. காசிமேட்டிலேயே பொது ரிப்பேர் நிலையம் வேண்டும். மத்திய சர்க்காரின் "சிப்நெட்" பயிற்சி நிறுவனத்தின் சென்னைக் கிளை ராயபுரத்திலேயே இருக்கிறது. குப்பத்து இளைஞர்களையும் பெண்களையும் சேர்த்து இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தால், உயிரும் பிழைக்கும், வேலையும் கிடைக்கும்.

4. டிரான்ஸ்பாண்டருக்கு வரும் எச்சரிக்கை, தளத்தில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி ஊதுகுழலிலும் விளக்கிலும் தெரிய வேண்டும். படகிலேறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும், அவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும், அபாயப் பொத்தானை இயக்கப் பயிற்சி வேண்டும். பாதுகாப்புக் கருவியின் செலவைத் தொழிலாளியின் பங்கில் கழிக்கக்கூடாது.

5. படகின் இருப்பிடப் பதிவு மீனவர்களின் சொத்து. உயிர் காப்பதற்கும் கரைக் காவலுக்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது என்றும், எந்தக் கம்பெனிக்கும் விற்கக்கூடாது என்றும் சட்டம் வேண்டும். படகுக்காரரும் தொழிலாளியும் கேட்டால் அதன் பிரதியைக் கொடுக்க வேண்டும்.

6. பைபர் படகுகளுக்கேற்ற எளிய கருவியை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, கொடுத்து முடித்த பெட்டிகளின் செலவோடு ஒப்பிட்டால் சொற்பம். வேண்டியது பொறுப்பு. அந்தப் பொறுப்பை யாரும் தானாக ஏற்கப்போவதில்லை. படகுச் சங்கங்களும் மீன்பிடித் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும்.

அதற்குள் நாமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. படகுக்குப் போகும் ஒவ்வொருவரும் இன்றே கேபினுக்குள் ஏறி, ரேடியோவின் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். இரண்டு கம்பிகள் டேப் சுற்றித் தொங்குகின்றனவா? தொங்கினால், ஜூன் 14-ந் தேதி நள்ளிரவுக்குள் அவற்றைச் சேர்த்துவிடுங்கள். அன்றிரவு இஞ்சின்கள் உறுமும். விளக்குகள் துறைமுக வாயைத் தாண்டும். கரையில் பெண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுடைய ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அந்தப் பொத்தானுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.